வில்லிபுத்தூர் வெயிலுக்கு எதுக்கு டிரையர்?

உங்களில் பாதிப் பேர் கிருஷ்ணன்கோவிலில் என்ஜினீயரிங் முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று பவித்ரா சொன்னாள். உங்களுக்கு அவள் மேனேஜர். எனக்கு, பில் போடும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லோர் பேச்சையும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பெண். "செல்வியக்கா, புதுசா வந்த பிள்ளைகளுக்கு ஒரு நாள் வந்து பேசுங்க. மிஷினைப் பத்தி வேண்டாம், அதெல்லாம் போன்லயே பாத்துக்கிடுவாங்க. வாங்க வாற ஆளுகளைப் பத்திச் சொல்லுங்க" என்றாள். போன வருஷம் ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. உடனே ஒப்புக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் நம் கடைப் படி ஏறி வருகிறவர்கள் நம்மைச் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் வருகிறார்கள். இதை முதல் வாரத்திலேயே நீங்கள் கண்டிருப்பீர்கள். புது வாஷிங் மிஷினின் டிரம்முக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். விரலில் கொஞ்சம் ஈரம் ஒட்டினால் போதும், "யாரோ ஓட்டுன மிஷினை எங்க தலையில கட்டப் பாக்கியளா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தொழிற்சாலையில் ஓட்டிப் பார்த்தபோது தங்கிய தண்ணீர் என்று சொன்னால், இதை எத்தனை பேரிடம் சொல்லிப் பழகியிருக்கிறாய் என்பதுபோல் நம் முகத்தையே பார்ப்பார்கள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நாமும் அவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் நிற்கிறோம். இவர் வாங்குவாரா, விலையை மட்டும் கேட்டுக்கொண்டு மதுரைக்குப் போய்விடுவாரா, வேறு கடைக்காரர் அனுப்பிய ஆளா என்று.

நான் சொல்லப்போவது, நான் ரொம்பவே சந்தேகப்பட்ட ஒருவரைப் பற்றி. அவரைச் சுப்பையா என்றும் அவர் மனைவியைக் கோமதி என்றும் சொல்கிறேன். உண்மைப் பெயர்கள் வேறு. இதை வெளியில் சொல்லலாமா என்று அந்த அம்மாவிடமே கேட்டேன். "பேரை மாத்திட்டுச் சொல்லு. யாருக்காச்சும் ஒதவட்டும்" என்றார்.

ஒரு மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம், நல்ல உயரமான ஒரு மனிதர் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய நரைமுடி. கதவைத் தள்ளியதும் கடைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகுதான் பொருட்கள் பக்கம் கண்ணைத் திருப்பினார். போலீஸ்காரராக இருக்கும் என்று பட்டது. அப்படித்தான். சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மம்சாபுரம் போகிற ரோட்டில்.

"கிச்சனைப் புதுசாப் பண்றோம். மேடைக்குக் கீழ, அலமாரிக் கதவுக்கு உள்ள மறைஞ்சு இருக்குமே ஒரு வாஷிங் மிஷின். அது வேணும்" என்றார்.

பில்ட்-இன் மிஷின் நம் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. பெரிய ஊர்களில் அடுக்குமாடி வீட்டில் இடமில்லாதவர்கள் வைப்பது அது. இங்கே வீட்டுக்குப் பின்னால் இடம் கிடக்கிறது, தலைக்கு மேலே மொட்டைமாடி கிடக்கிறது. அழுக்குத் துணியை அடுப்பங்கரைக்குள் கொண்டுவரப் பெண்கள் லேசில் சம்மதிக்கமாட்டார்கள். அதனால், "எங்கயாச்சும் பாத்தீங்களா சார்?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"நான் எங்க பாத்தா என்ன? கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. காபி சொல்லட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். தண்ணீரையும் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே விசாரணையை ஆரம்பித்தார்.

"ஓடும்போது பக்கத்து ரூமுக்குச் சத்தம் கேக்குமா?"

"அலமாரிக் கதவை மூடிட்டா அவ்வளவாக் கேக்காது சார்."

"முடிஞ்சதும் பாட்டுப் பாடுதாமே. அதை அடக்கலாமா?"

"அடக்கலாம்."

"ஒரு வேட்டி, ஒரு பெட்ஷீட். அம்புட்டுதான் போட்டா ஓடுமா?"

"ஓடும் சார்."

"எப்பப்ப ஓடுச்சுன்னு போன்ல காட்டிக் கொடுத்துருமாமே?"

"நாம போனோட இணைச்சாத்தான் காட்டும்."

"இணைக்க வேண்டாம். கதவுக்குப் பூட்டுப் போட முடியுமா?"

இத்தனை வருஷத்தில் வாஷிங் மிஷினுக்குப் பூட்டு கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர் கடைசியாகச் சொன்னார்: "துணி காஞ்சுதான் வெளிய வரணும். கொடியில ஒண்ணு கூடத் தொங்கக் கூடாது."

அவர் படியிறங்கியதும் பவித்ரா பில் மேஜையிலிருந்து ஓடிவந்தாள். கண் விரிந்திருந்தது. "அக்கா, ரத்தக்கறையா இருக்குமோ?"

"சீரியல் பாக்கிறதைக் குறைடி" என்றேன். ஆனால் எனக்கும் மனசு சரியில்லை.

அவர் மறுபடியும் வந்தார். அதே கேள்விகளை வேறு மாதிரித் திருப்பிப் போட்டுக் கேட்டார், என் பதில் மாறுகிறதா என்று பார்ப்பதுபோல. பிறகும் வந்தார். ஒவ்வொரு தடவையும் மத்தியான நேரத்திலேயே வந்தார், ஒவ்வொரு தடவையும் நின்றபடியே பேசினார். வில்லிபுத்தூரிலேயே கடைகள் இருக்கும்போது இவர் ஏன் பஸ் ஏறி இங்கே வருகிறார்? மனைவியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்களுக்கும் காட்டிவிடலாம் என்றால் ஏன் பேச்சை மாற்றுகிறார்? போட்டிக் கடைக்காக உளவு பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு, வீட்டுக்குத் தெரியாத ஏதோ ஒரு வில்லங்கம் என்று நினைத்தேன். அது என்ன வில்லங்கம் என்று எனக்குள்ளேயே பல மாதிரி கற்பனை செய்துகொண்டேன். அவற்றையெல்லாம் உங்களிடம் சொல்லமாட்டேன்.

இதற்கு நடுவில் முதலாளி. நம் ஷோரூமில் ஒரு பில்ட்-இன் மிஷின் வாங்குவாரில்லாமல் நெடுநாளாக நின்றது. துவைக்கும், காயவைக்காது. "அந்த எஸ்.ஐ. தலையில அதைத் தள்ளிவிடும்மா" என்றார்.

"அவருக்குக் காயவைக்கிறதும் சேர்ந்து வேணுமாம் சார். மதுரையில இருந்துதான் வரவழைக்கணும்."

"வில்லிபுத்தூர் வெயிலுக்கு எதுக்கு டிரையர்? கொடியில போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள காஞ்சிரும்!" கோபம் வந்தால் முதலாளி தெலுங்குக்குப் போய்விடுவார். அன்றும் போனார். திரும்பத் தமிழுக்கு வந்தபோது, "மதுரைக்காரன் உனக்குக் கமிஷன் ஏதாச்சும் பாத்துச் செய்யுதானா?" என்று கேட்டார். அவரிடம் அத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். திரும்பி என் இடத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஒரு அம்மா கடைக்குள் வந்தார். குட்டையான உருவம், அழுத்தமான நடை. வாசலிலேயே நின்று, "செல்விங்கிறது யாரு?" என்று கேட்டார். கடை முழுக்கக் கேட்டது.

"நான்தாம்மா. வாங்க."

என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். என் நரையை, மூக்குக்கண்ணாடியை, இடுப்பில் சொருகியிருந்த அளவு நாடாவை. அவர் முகத்திலிருந்த வேகம் கொஞ்சம் இறங்கியது. "நீதானா?" என்றார். ஏமாந்துபோனவரைப் போல இருந்தது அந்தக் குரல்.

உள்ளே ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தேன். அவர் கோமதியம்மாள், சுப்பையா சாரின் மனைவி. அவருடைய சொந்தக்காரப் பையன் ஒருவன் எதிரே பேங்கில் வேலை பார்க்கிறான். "மாமா அடிக்கடி இந்தக் கடைக்கு வாறாரு, ஒரு பொம்பளைகிட்ட நின்னு பேசிக்கிட்டே இருக்காரு" என்று அவன் என் பேரையும் விசாரித்துக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கிறான்.

"மிஷின் பாக்கத்தான் வந்தாங்கம்மா" என்றேன்.

"அதான் கேக்கேன். எந்த வீட்டுக்கு மிஷின்?"

"உங்க வீட்டுக்குத்தான். உங்க கிச்சனுக்கு."

"என் அடுப்பங்கரையில எனக்குத் தெரியாம மிஷினா? யாருட்ட கதை விடுத? பின்னாடி நல்ல மிஷின் ஓடிட்டுக் கெடக்கு. அவிய வேற ஒரு வீட்டுக்கு வாங்குறாவ. உனக்குத் தெரியும். நீ மறைக்க."

"வேற வீடு எதுவும் எனக்குத் தெரியாதும்மா."

அவர் என்னை நம்பவில்லை. ஆனால் வெகுநாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது தானாக வந்துவிட்டது. வேட்டிகள் காணாமல் போகின்றன. கேட்டால் கிழிந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்கிறார். புது வேட்டிகள் வருகின்றன. பெட்ஷீட்டும் அப்படித்தான். முன்பெல்லாம் கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிகிறவரை நின்று ஆளை விசாரிக்கிறவர், இப்போது தாலி கட்டும் முன்பே எழுந்து வந்துவிடுகிறார். பெங்களூருக்கு மகன் கூப்பிட்டால் பஸ்ஸில் அவ்வளவு தூரம் முடியாது என்கிறார்.

"மதுரையில ஆபரேஷன் பண்ணிட்டு வந்ததுல இருந்து தனி ரூம்ல படுக்காவ. கதவைத் தாப்பாள் போட்டுக்கிடுதாவ. நான் போயி என்னன்னு கேட்டா, வெரட்டுதாவ. இத்தனை வருசம் கழிச்சு என்னைப் பிடிக்கலையாம்மா? நேராச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"என்ன ஆபரேஷன்ம்மா?"

"ஒண்ணுக்குப் போறதுல அடைப்பு. பிராஸ்டேட்டுன்னாங்க."

எனக்கு அந்த இடத்தில் பொறிதட்டியது. என் சொந்த அண்ணனுக்கும் அதே ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அவருக்குச் சிறுநீர் கட்டுப்படாமல் போனது. தும்மினால் போகும், தூக்கத்தில் தெரியாமல் போகும். கடைத்தெருவில் எல்லோரையும் கேலி பேசிக்கொண்டிருந்த மனிதர் வீட்டு வாசலைத் தாண்டாமல் கிடந்தார். நாற்காலியில் உட்காரமாட்டார், தண்ணீர் குடிக்கமாட்டார். அண்ணியிடமே அவர் வாயைத் திறக்க வெகுகாலம் ஆனது.

நான் இழுத்துப் போட்ட நாற்காலியும், அவர் தொடாத தண்ணீரும், ஒரு வேட்டி ஒரு பெட்ஷீட் என்ற கேள்வியும், கொடியில் தொங்கக் கூடாது என்றதும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

கோமதியம்மாள் எழுந்தார். "ஞாயித்துக்கெழமை என் தம்பிமாரு மூணு பேரையும் வரச் சொல்லியிருக்கேன். நடுவீட்டுல உக்கார வச்சுக் கேக்கப் போறேன். இனிமே என்ன மரியாதை?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு யோசிக்க அவ்வளவு நேரம் இல்லை. அந்த அம்மா படியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். நான் நினைத்ததைச் சொல்லிவிடலாம். ஆனால் அது சாருடைய உடம்பு. கடைக்காரி வாயிலிருந்து மனைவிக்குத் தெரிந்தது என்று ஆனால், அந்த மனிதர் அப்புறம் யார் முகத்திலும் முழிக்கமாட்டார். அவருக்குப் போன் செய்து எச்சரிக்கலாமா? எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் மிஷினையும் விட்டுவிடுவார், மனைவியிடமும் சொல்லமாட்டார். அதோடு, என் ஊகமே தப்பாக இருந்தால்? இந்த அம்மா சொல்வதுபோல வேறு வீடு ஒன்று உண்மையிலேயே இருந்தால்? அதையும் நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. அந்த மூன்று தம்பிகள் முன்னால் ஒரு போலீஸ்காரர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அம்மா, செத்த நில்லுங்க" என்றேன். "மிஷின் உங்க கிச்சனுக்கா இல்லையான்னு நாளைக்கே தெரிஞ்சிரும். நான் அளவெடுக்க வாரேன். நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருங்க. வேற வீட்டுக்குன்னா நான் அளவெடுக்கும்போதே சார் முழிப்பாருல்லா?"

கோமதியம்மாள் படியில் நின்று திரும்பினார். "நீயும் அவியளும் பேசி வச்சுக்கிட்டு வரக் கூடாது" என்றார்.

"போன்கூடப் பண்ணமாட்டேன்."

மறுநாள் காலையில் நான் போய் மணியடித்தபோது கதவைத் திறந்தவர் சார்தான். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் வரச் சொல்லலியே?"

"நான்தான் வரச் சொன்னேன்" என்றார் பின்னாலிருந்து கோமதியம்மாள்.

மூன்று பேரும் சமையலறைக்குள் போனோம். அடுப்பில் குக்கர் இருந்தது. பழைய மேடையை இடிக்கப் பெயிண்டால் கோடு போட்டிருந்தார்கள். நான் குனிந்து அளந்தேன். தண்ணீர் வரும் குழாய், கழிவு போகும் வழி, ப்ளக் வைக்கும் இடம் எல்லாம் பார்த்தேன். மிஷின் வைக்க இடம் தாராளமாக இருந்தது. கோமதியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அப்ப இங்கதான் வைக்கப் போறியளா?"

"ஆமா" என்றார் சார்.

"யாருக்கு?"

"மகன் குடும்பம் வந்து தங்கப் போகுதுல்லா. மருமகளுக்குச் சௌகரியமா இருக்கும்."

"மருமக கேட்டாளா?"

சார் மேடையில் போட்டிருந்த பெயிண்ட் கோட்டைப் பார்த்தார்.

"அவ கேக்கல. நான் போன் போட்டு விசாரிச்சிட்டேன். உண்மையைச் சொல்லுங்க. யாருக்கு இந்த மிஷினு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்தனையோ பேரை உட்காரவைத்து இப்படிக் கேள்வி கேட்டிருப்பார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் கத்திவிடுவார், பிறகு அந்த வீட்டில் எதுவும் சரிசெய்ய முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். மிஷினைப் பற்றி அதுவரை அவர் கேட்காத ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் விற்றுவிடலாம். சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட வாய்ப்பிருந்தது.

"சார், மிஷினை எடுக்கும் முன்னாடி ஒரு குறையைச் சொல்லிறணும். துவைச்சு, காயவச்சு முடிக்க இது ரொம்ப நேரம் எடுக்கும். விடியக்காலைல காபி போட எந்திரிச்சுப் போட்டீங்கன்னா, மத்தவங்க இட்லி சாப்பிட வரும்போதும் உள்ள சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். நடுவுல நிப்பாட்டினா ஈரமாத்தான் வெளிய வரும்."

"குறைக்க முடியாதா?"

"எந்தக் கம்பெனி மிஷின்லயும் முடியாது சார். சத்தத்தை அடக்கலாம், பாட்டை அடக்கலாம். நேரத்தை அடக்க முடியாது. வீட்டுல இன்னொரு ஆளுக்குத் தெரியாம இதை ஓட்டவே முடியாது. யாராச்சும் ஒருத்தரு தொணைக்கு இருக்கணும். எங்க அண்ணனுக்கும் மதுரையில ஆபரேஷன் ஆச்சு. எங்க அண்ணிதான் தொணைக்கு இருந்தாங்க. அதனால சொல்றேன்."

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். போலீஸ்காரர்களுக்கே உள்ள பார்வை அது, உள்ளே போய்த் துழாவுகிற பார்வை. நான் கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லல சார். நீங்க கேட்ட கேள்விதான்."

"என்ன ரெண்டு பேரும் பூடகமாப் பேசுறீக?" என்றார் கோமதியம்மாள். "எனக்கு வெளங்குற மாதிரிப் பேசுங்க."

சார் மேடையைக் கையால் பிடித்துக்கொண்டார். நான் அவரைப் பார்க்காமல் நாடாவைப் பையில் போட்டேன், மூடினேன், திரும்பத் திறந்தேன்.

"கோமதி" என்றார் கடைசியில். "செத்த உள்ள வா."

இரண்டு பேரும் அவருடைய அறைக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. நான் சமையலறையில் தனியாக நின்றேன். ஏற்கெனவே அளந்ததைத் திரும்ப அளந்தேன். குக்கர் விசில் அடித்தது. இன்னொரு விசில். அணைக்கலாமா, அடுத்தவர் வீட்டு அடுப்பாயிற்றே என்று தயங்கிவிட்டுக் கடைசியில் அணைத்தேன். அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. நான் தப்பு செய்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. வேறு வீடுதான் என்று அவர் ஒப்புக்கொண்டுவிட்டால் நான் எப்படி இந்தச் சமையலறையிலிருந்து வாசலுக்குப் போவது என்றுகூட யோசித்தேன்.

பிறகு கோமதியம்மாளின் குரல் கேட்டது. திட்டிக்கொண்டிருந்தார். "இதுக்கா? இதுக்காய்யா வேட்டியத் தூக்கித் தூக்கிப் போட்டீரு? நான் உம்ம புள்ளைகளுக்கு மூத்திரத் துணி அலசல? உங்கம்மாவுக்கு அலசல? உமக்கு அலசமாட்டேன்னு எவ சொன்னா?"

அவர் ஏதோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மா அழுதது கேட்டது. நான் பின்கதவைத் திறந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கோமதியம்மாள் வந்து கூப்பிட்டார். முகத்தைக் கழுவியிருந்தார். "காபி குடிப்பியாம்மா?" என்று கேட்டார். பாலை அடுப்பில் வைத்தார். பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல, "மிஷினை இங்க வேண்டாம், அந்த மூலையில வை. அவிய ரூமுக்குப் பக்கம். கதவு வச்சு மூடிரு, வெளிய தெரியக் கூடாது" என்றார்.

"உங்களுக்குத்தான் தெரிஞ்சிருச்சேம்மா. இனிமே பின்னாடி இருக்கிற மிஷின்லயே போட்டுக்கலாமே. இது எதுக்கு?"

வந்த வியாபாரத்தை நானே கெடுத்துக்கொண்டேன். முதலாளி கேட்டிருந்தால் தெலுங்கில் எவ்வளவு தூரம் போயிருப்பாரோ. ஆனால் கோமதியம்மாள் தலையை ஆட்டிவிட்டார்.

"மருமக வாரா. வேலைக்காரி வாரா. பின்னாடி தொவைச்சா, பக்கத்து வீட்டுச் சொவருக்கு மேல ரெண்டு தலை எட்டிப் பாக்கும். தெனம் பெட்ஷீட்டு எதுக்குக் காயுதுன்னு கேப்பாளுக. அவியளுக்கு அது தாங்காது. நான் காலையில எந்திரிச்சுப் போட்டுக்கிடுதேன். எம்புட்டு நேரம் ஓடுனா என்ன, நான் இங்கதான நிப்பேன்."

அப்போது அவருடைய போன் அடித்தது. பெரிய தம்பி. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"வர வேண்டாம்ல. ஒண்ணுமில்ல, நான்தான் தப்பா நெனைச்சிட்டேன்." அந்தப் பக்கத்தில் தம்பி விடவில்லை போலிருக்கிறது. "ஏலே, யாரும் மெரட்டல. என் பக்கத்துல யாரும் நிக்கல. மிஷினா? அது எனக்குத்தான். எனக்கு முட்டுவலி, மாடி ஏறித் துணி காயப்போட முடியல, அதான் அவிய வாங்கித் தாராவ." போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியா? யாரு கேட்டாலும் எனக்கு முட்டுவலி."

கடைக்குத் திரும்பியதும் முதலாளி அதைத்தான் முதலில் கேட்டார், எதற்கு டிரையர் என்று. "அந்த அம்மாவுக்கு முட்டுவலி சார்" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு மதுரைக்குப் போன் போட்டார். பவித்ராவும் கேட்டாள். அவளுக்கும் முட்டுவலிதான் பதில். இன்றைக்கு இந்த அறையில்தான் அவளுக்கு உண்மை தெரிகிறது. முறைக்காதே பவித்ரா.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். ஒரு வாடிக்கையாளர் கோணலான கேள்வி கேட்டால், ஏன் கேட்கிறார் என்று துருவாதீர்கள். சந்தேகம் வரும், வந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மிஷினால் எது முடியாது என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு நான் செய்தது அவ்வளவுதான். அதில் துணிச்சல் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மனிதர் கோபித்துக்கொண்டு என்னை வெளியே போகச் சொல்லியிருந்தால், இந்தக் கதையை வேறு மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருப்பேன்.

மிஷினை மகன் குடும்பம் வருவதற்கு முன்பே பொருத்திவிட்டோம். கோமதியம்மாள் அவரை மறுபடி மதுரைக்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். இந்த மனிதர் டாக்டரிடமும் சொல்லாமல்தான் இருந்திருக்கிறார். பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மெல்ல மெல்லக் குறைந்தது. முழுக்க நின்றுவிடவில்லை, ஆனால் கல்யாண வீட்டில் பந்தி வரைக்கும் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

சில மாதம் கழித்து, மிஷின் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அந்த வீட்டுக்குப் போனேன். சார் ஹாலில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாங்க" என்று தலையசைத்தார். அவ்வளவுதான் பேசினார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. சமையலறையில் குனிந்து மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மருமகள் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு என் பின்னால் வந்தாள். பெங்களூரில் வளர்ந்த பெண். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? அத்தைக்கு முட்டுவலின்னு இதை வாங்குனதா எல்லாரும் சொல்றாங்க. ஆனா நேத்து வத்தல் காயப்போட அவங்கதான் மாடிக்கு ஓடி ஓடி ஏறுனாங்க. இந்த வீட்டுல எதையோ எங்கிட்ட மறைக்கிறாங்க ஆன்ட்டி."

நான் குழாய் இணைப்பைத் திருகிப் பார்ப்பதுபோல் இன்னும் குனிந்துகொண்டேன். "முட்டுவலி அப்படித்தாம்மா. ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது."

அவள் நம்பவில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நிமிர்ந்தேன். பின்கதவில் கோமதியம்மாள் வத்தல் தட்டோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என்னை ஒரு தடவை பார்த்தார். தட்டை மேடையில் வைத்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாடி, என்னா வலி வலிக்குது" என்று அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ஹாலில் சார் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். பேப்பர் குலுங்கிக்கொண்டிருந்தது.